எறும்புகூடக் கடிக்காத ஊசி

வாந்திபேதி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே அதற்கான டாக்டர் வந்துவிட்டார். அதுவும் சரியாகச் சம்பள நாள் சாயந்தரமாகப் பார்த்து வந்தார். சேலைக்காரன், வளையல்காரன், கருவாட்டுக்காரன் எல்லோரும் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வருகிற நாள் அது. டாக்டருக்குக்கூட நம்ம சம்பள நாள் தெரிஞ்சிருக்கு பாருங்க என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல, "ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்.

இலங்கையில் எழுபதுகளின் முற்பகுதி அது. நான் வேறொரு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தைக்காரி. பதுளையில் பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் எங்கள் லயம் வரும். பாண் என்கிற ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் என்பதால் எல்லோருக்கும் மரவள்ளிக்கிழங்கு தின்ற முகம். அந்த நேரத்தில்தான் வாந்திபேதி என்ற பேச்சும் கிளம்பியது. ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு செய்தியைக் கொண்டுவந்து இறக்கியது. பதுளையிலிருந்து அரசாங்க ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் போய் ஊசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கூடவே அந்த ஊசியைப் பற்றிய புகாரும் வந்து சேர்ந்தது. போட்ட கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும், மறுநாள் கொழுந்து பறிக்க முடியாது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டுப் பாதிக் கூலியோடு திரும்புவதைத்தான் நாங்கள் அரைப்பேர் என்போம். சாவுக்குப் பயப்படாதவர்கள்கூட எங்கள் லயத்தில் அரைப்பேருக்குப் பயப்படுவார்கள்.

வந்த டாக்டர் இதையெல்லாம் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, தங்க நிறக் கண்ணாடி, தோல் பை. லயத்து முற்றத்தில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி யாருக்கு உடம்பு சரியில்லை என்பதல்ல. "இங்க பெரிய ஆளு யாருங்க?" என்றுதான் கேட்டார்.

பெரிய ஆள் என் மாமனார். கங்காணி. கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு கூட்டம் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள். எங்கள் பக்கத்தில் எதற்கும் கங்காணி முதலில், ஆட்கள் பிறகு. கோயில் தட்டு அவரிடம் வராமல் அடுத்தவரிடம் போகாது. கல்யாண வீட்டில் அவர் இலையில் கை வைக்காமல் பந்தியில் யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள். சில கங்காணிகளிடம் ஆட்கள் பயந்து நடந்தார்கள். எங்கள் மாமாவிடம் அப்படியில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பிந்தி வருகிறவளுக்கும் முழுப்பேர் போடச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் அவர் வாங்காத ஏச்சு இல்லை. பிரசவ வலி கண்ட ஒருத்தியைக் கம்பளியில் கிடத்தி, கொட்டுகிற மழையில் ரோட்டுவரை தூக்கிக்கொண்டு இறங்கிய ஆட்களில் அவரும் ஒருவர். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் புகழ்ச்சி என்று வந்துவிட்டால் மனிதர் வெல்லக்கட்டி மாதிரி கரைந்துவிடுவார். அது எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. குழம்பு உப்புக் கரித்த நாட்களில் நான் அவருடைய மீசையைப் பற்றிப் பேசித் தப்பித்திருக்கிறேன்.

டாக்டருக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. "கங்காணியய்யா கையப் பாத்தா வாலிபப் பையன் கை மாதிரியில்ல இருக்கு!" என்றார். மாமாவின் நெஞ்சு கோட்டுக்குள் நிமிர்ந்தது. "அரசாங்க ஊசியும் நல்ல ஊசிதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கை வீங்கிரும். பேர் போயிரும். இது வெளிநாட்டு மருந்துங்க. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. நாளைக்கே மலைக்குப் போகலாம்."

மாமா நாற்காலியில் உட்கார்ந்து கோட்டுக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினார். ஊசி ஏறியபோது முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எழுந்து கூட்டத்தைப் பார்த்து, "எறும்புகூட இல்ல. வாங்க, வாங்க" என்றார். அவ்வளவுதான், வரிசை பீலிக்கரைவரை நீண்டுவிட்டது. பீலி என்றால் மலையோடையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும் இடம். லயம் முழுக்கக் குடிப்பதும் குளிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். காசு கொடுக்க முடியாதவர்கள் முட்டை கொடுத்தார்கள். ஒருத்தி அடைக்கு வைத்திருந்த கோழியையே தூக்கிக் கொடுத்தாள். டாக்டர் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே ஊசி, பஞ்சால் துடைத்துத் துடைத்துப் போட்டார். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்று எனக்கும் அது தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. என் முறை வந்ததும், "புள்ளைக்குப் பால் குடுக்கிறேங்க, நான் போடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமாப் போடலாம். புள்ளைக்கும் சேத்துப் போட்டுருவோம், பாதிக் காசுதான்."

"புள்ளைக்கு எத்தன மாசம்னு நீங்க கேக்கவே இல்லியே?"

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருமல் தண்ணிக்குப் போனால்கூட, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்காமல் போத்தலைத் தொடமாட்டார்கள். இவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதெல்லாம் பாத்தாலே தெரிஞ்சிரும்மா" என்றார். நான் பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு லயத்தில் எங்கள் அறையான காம்பராவுக்குள் போய்விட்டேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த மனிதரைப் பத்துப் பேருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டேனாம். இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் ரசம் கேட்கவில்லை, அத்தையிடம் கேட்டார்.

மறுநாள் யாருக்கும் கை வீங்கவில்லை. காய்ச்சலும் இல்லை. மலை முழுக்க ஒரே சிரிப்பும் கும்மாளமும். என்னைப் பார்த்து, "பயந்தாங்கொள்ளி வாறா, வழி விடுங்கடி" என்று அடுத்த காம்பராக்காரி கத்தினாள். மாமா கம்பை ஊன்றி நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! வாந்திபேதியைத் தானே தனியாக நின்று விரட்டியதுபோல ஒரு நடை. பக்கத்து மலைக் கங்காணியிடமும் டிஸ்பென்சரி ஐயாவிடமும் வெளிநாட்டு ஊசியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் பதுளைக்குப் போனோம். எனக்குப் பதுளை என்றால் போதும், கால் தானாக நடக்கும். கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். அவர் கடைக்குப் போகிற வழியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம். கூட்டம் என்றால் எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எட்டிப் பார்த்தேன். பாய் விரித்து, ஒரு கிழவனின் வாயைத் திறந்து வைத்து, சொத்தைப் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார் எங்கள் டாக்டர். அதே கண்ணாடி. அதே தோல் பை.

வீட்டுக்காரர் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் விடுவேனா? "டாக்டரய்யா, சௌக்கியமா இருக்கீங்களா? வாந்திபேதி ஊசி இருக்குங்களா?" என்று கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "அம்மா, நீங்க ஆள் மாத்திப் பேசுறீங்க."

"ஆள் மாறலங்க. மருந்துதான் மாறிருக்கு. அன்னைக்கு வாங்கிட்டுப் போன கோழி முட்டை போடுதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிழவன்கூடத் திறந்த வாயோடு சிரித்தான். டாக்டர் பாயைச் சுருட்டினாரா, புழுவைப் பைக்குள் போட்டாரா, எதுவும் தெரியவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் மொனராகலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். பஸ்ஸும் நகர்ந்துவிட்டது. எனக்கு அதுவரை கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் எங்கள் லயத்து ஆட்களின் கைகளுக்குள் அவர் எதை ஏற்றியிருப்பார் என்ற நினைப்பு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

நானா கடையில் நடந்ததைச் சொன்னேன். அவர் சவர்க்காரக் கட்டியைத் தாளில் சுற்றியபடி தலையில் அடித்துக்கொண்டார். "அவன் இங்க பல்லு டாக்டர் தங்கச்சி. பண்டாரவளையில பாத்தா கை பாக்குற சாத்திரக்காரன். ஒங்க தோட்டத்துக்கு ஊசியோட வந்துட்டானா? அசல் ஊசிக்கு ஆரும் காசு கேக்க மாட்டாங்க. காசு கேட்டா அது யாவாரம். யாவாரத்தைப் பத்தி எங்ககிட்ட கேளுங்க, நாங்க சொல்லுவோம்ல" என்றார்.

திரும்புகிற வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களிடம் சொன்னேன், மலையேறும்போது எதிரே வந்தவர்களிடம் சொன்னேன், பீலிக்கரையில் குடத்தோடு நின்றவர்களிடம் டாக்டர் பஸ்ஸில் தொற்றியதை நடித்தே காட்டினேன். அடுத்த காம்பராக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கோழியைக் கொடுத்தவள் அவள்தான். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி அசல் ஊசி வந்தால் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

மாமாவிடம் மட்டும் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார். "கண்ணாடி போட்டவனெல்லாம் ஒரே ஆளா?" என்றார். பிறகு எழுந்து வெளியே போய் வெகுநேரம் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். மாடு தின்று முடித்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்திலேயே செய்தி வந்துவிட்டது. எங்களுக்கு மேலே இருந்த தோட்டத்தில் வாந்திபேதியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்தத் தோட்டத்தின் ஓடைதான் இறங்கி வந்து எங்கள் பீலியில் விழுகிறது. சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்று டிஸ்பென்சரி ஐயா லயம் லயமாக வந்து சொன்னார். பதுளையிலிருந்து ஊசி போட வருகிறார்கள், காலையில் எல்லோரும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். பெரட்டுக்களம் என்பது தினமும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். பொய்க்கால் குதிரை ஆடினாலும் துரை வந்து பேசினாலும் எங்களுக்கு அதுதான் மைதானம்.

ஜீப் வந்தது. மேசை போட்டார்கள். அடுப்பை மூட்டி ஊசிகளைக் கொதிக்க வைத்தார்கள், மருந்தை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் நின்ற நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம்; அவர் ஒவ்வொருவரிடமும் வயது கேட்டார், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார், யாரிடமும் காசு கேட்கவில்லை. மற்றக் கங்காணிகளின் ஆட்கள் வரிசையில் போனார்கள், முகத்தைச் சுளித்தார்கள், கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் கூட்டம் மட்டும் ஓரமாக மரத்தடியில் நின்றது. முன்னால் மாமா, கம்பை ஊன்றிக்கொண்டு.

"நீங்க வாங்க" என்று மிஸ்ஸி கூப்பிட்டார்.

"எங்களுக்குப் போட்டாச்சுங்க" என்றார் மாமா.

"யார் போட்டது? எப்ப?"

மாமா மலைப் பக்கம் பார்த்தார். மிஸ்ஸி பின்னால் நின்ற பெண்களைக் கேட்டார். "போட்டாச்சுங்க மிஸ்ஸி" என்றாள் ஒருத்தி. "ஆமாங்க, போட்டாச்சுங்க" என்றாள் இன்னொருத்தி. பீலிக்கரையில் என் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தபடி அதையே சொன்னார்கள். கோழியைக் கொடுத்தவளும் சொன்னாள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "ஏண்டி, அது பல்லுப் புழுக்காரன்னு ஒனக்குத் தெரியாதா? சாகப் போறியா?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வாய மூடு புள்ள. அவரு மொகத்தப் பாரு. மத்த கங்காணிமாரு எல்லாம் நிக்கிறாங்க. நாங்க போய் கைய நீட்டுனா, அவரு ஏமாந்தவருன்னு நாங்களே சொன்ன மாதிரி ஆயிரும். அவரு போட்டா நாங்களும் போடுறோம். அவரு போடாட்டி வேணாம்."

அவள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் மாமா மூன்று எட்டுக்கு அப்பால்தான் நின்றார். அவருடைய காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மாமா மிஸ்ஸியின் மேசையைப் பார்த்தார். பிறகு கம்பை மரத்தில் சாய்த்து வைத்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியிடத்தில் அவர் கோட்டைக் கழற்றி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேசைவரை நடந்துபோய், திரும்பி, பெரட்டுக் கூப்பிடுகிற அதே குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அன்னைக்கு வந்தவன் கள்ளன். என் கையப் புகழ்ந்தான், நான் ஏமாந்துட்டேன். என்னப் பாத்து நீங்களும் ஏமாந்தீங்க. எங்களுக்கு இன்னும் ஊசி போடலங்க மிஸ்ஸி. மொதல்ல எனக்குப் போடுங்க."

மற்றக் கங்காணிகள் என்ன நினைத்தார்களோ, யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த மனிதரைக் கேலி செய்தே பழகியவள் நான். அன்று அவர் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பெருமையாக இருந்தது. ஊசி ஏறியதும் மாமா, "ஆ!" என்று அலறினார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வரிசைக்கு வந்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன். மிஸ்ஸி என் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டு, இப்போது வேண்டாம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு என்றார்.

மத்தியானம் மாமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கை வீங்க ஆரம்பித்திருந்தது. கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீ பதுளையிலேருந்து வந்து சொன்னது அவங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே தெரியும் மாமா. நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேனே."

"தெரிஞ்சுமா எம் பின்னாடி நின்னாங்க?"

"ஆமா மாமா."

அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். "இத்தன வருஷமா நான்தான் அவங்களக் காப்பாத்துறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். நான் டீயை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தேன். வாயைத் திறந்தால் நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

பேதி எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. கீழ் லயத்தில் சிலரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லோரும் பிழைத்து வந்தார்கள். ஊசி காப்பாற்றியதா, கொதித்த தண்ணீர் காப்பாற்றியதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் பேதி வரவில்லை, அது தெரியும்.

ஊசி போட்ட மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்திக்கும் கையைத் தூக்க முடியவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட ஒருத்திக்கு இன்னொருத்தி உதவி செய்தாள். மாமா வீங்கிய கையை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் போய், "வலிக்குதா?" என்று கேட்டார். "வலிக்குதுங்க" என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. கணக்கப்பிள்ளையிடம், இன்றைக்கு என் ஆட்களுக்கு அரைப்பேர் போட்டால் நான் மலைக்கே போகமாட்டேன் என்று சண்டை போட்டு வைத்தார். பிறகு எங்கள் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நான் செய்யிறேங்கிறதுக்காக இனிமே யாரும் எதையும் செய்யக் கூடாது. மருந்தோட எவன் வந்தாலும் எங்கேருந்து வாற, யாரு அனுப்புனதுன்னு கேளுங்க. என் மருமக கேக்குற மாதிரி எடக்கு மடக்காக் கேளுங்க. அவங்கவங்க யோசிச்சு அவங்கவங்க முடிவு எடுக்கணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க கங்காணியய்யா" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

"சரி, மலைக்குப் போங்க."

யாரும் அசையவில்லை. மாமா பார்த்தார். இவர்களும் அவரைப் பார்த்தார்கள். "போங்களேன், ஏன் நிக்கிறீங்க?" என்றார்.

"நீங்க முன்னுக்குப் போங்க, நாங்க பின்னாடி வாறோம்" என்றாள் கோழியைக் கொடுத்தவள்.